வேட்டைப்பல்லின் பின்பக்கம்

டொக்டர் ருவந்தி பிளேன்ரீயின் உதட்டைத் தூக்குகிறார்,
சேட்டுக் கொலரைப் புரட்டி அழுக்குப் பார்ப்பது மாதிரி.
தெஹிவளை. பேக்கரிக்கு மேல்மாடி.
கீழே மாலு பணிஸ் இறங்குகிற நேரம்.
நாயின் மூக்கு படிக்கட்டுப் பக்கம்,
வாய் மட்டும் எங்களிடம்.

வயது கேட்டார். தெரியாது என்றேன்.
ஒக்டோபர் மழையில் காலி வீதியைக் கடந்து
எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது.
அந்நேரம் என் கையில் பால் விடாத தேத்தண்ணி இருந்தது.
பெயர் அப்படித்தான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே.
சரி. இதை ஒருவரும் தானம் தரவில்லை.
குனிந்து நானும் பார்த்தேன்.

முன்வரிசை தேய்ந்து தேய்ந்து
குத்தரிசி அளவுக்கு வந்திருந்தது.
ஒவ்வொன்றின் நடுவிலும் மண்ணிறப் புள்ளி.
சூத்தை என்று பயந்தேன்.
இல்லையாம். மெல்ல மெல்லத் தேய்ந்தால்
பல் உள்ளுக்கிருந்து தன்னைத் தானே பூசிக்கொள்ளுமாம்,
நரம்பைப் பின்னுக்குத் தள்ளி
முன்னால் ஒரு சின்னச் சுவர்.
கூரான கம்பியால் அந்தப் புள்ளியைத் தடவிக் காட்டினார்.
கண்ணாடியில் போல வழுக்கியது.
"இறங்கினால்தான் பிரச்சினை."

பிறகு வேட்டைப்பல்.
முன்னால் ஒரு குறையுமில்லை.
பின்பக்கத்தில் அரைவட்டமாய் ஒரு பள்ளம்,
பென்சிலைச் சாய்த்து வைத்தால் பொருந்தும்.
"கூடுவ" என்றார் சிங்களத்தில்.
கம்பியை வாய்க்குள் விட்டு
இழுத்து இழுத்துக் கடித்த பல்லாம்.
ஒரு மாதத்தில் வருகிற தேய்மானம் இல்லை இது,
கனகாலம்.

கூடு.
எங்கள் மொழியில் அது குருவிக்கும் இருக்கிறது,
எலும்புக்கும் இருக்கிறது,
உயிர் விட்டுப்போவதும் அதைத்தான்.

வெள்ளவத்தைக்கு வந்த புதிதில்
என்னிடம் கேட்டதெல்லாம் அட்டை, பதிவு,
யார் வீட்டில் தங்கல், எத்தனை நாளுக்கு.
எல்லாம் கடதாசியில் இருந்தது.
நீல ஃபைலில் இப்போதும் இருக்கிறது, எறிய மனமில்லை.
நாயிடம் கடதாசி இல்லை.
வாய்க்குள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.
ஏழு மாதம் சோறு வைத்தேன்,
வாய் நாறுகிறது என்று முகத்தைத் திருப்பினேன்,
வாசிக்கவில்லை.

கீழ்த்தாடையில் இடப்பக்கம் ஒன்று மட்டும் உடைந்து
வேரில் சீழ். கழற்ற வேண்டும். இருபத்தெட்டாயிரம்.
என் பல்லுக்கே நான் அவ்வளவு செலவழித்ததில்லை.
கழற்றிய பல்லை மாத்திரைப் போத்தலில் போட்டுத் தந்தார்கள்.
த்ரீவீல் பம்பலப்பிட்டிப் பக்கம் சுற்றி வந்தது,
பள்ளம் வரும்போதெல்லாம் அது கிலுங்கியது.
மயக்கம் தெளியாத நாய் என் மடியில்,
நாக்கு ஒரு பக்கம் தொங்க.
"செத்துப்போச்சா அக்கா?" என்றான் நவ்சர்,
கண்ணாடியில் பார்த்து.

இனி எலும்பு இல்லை. கல் இல்லை.
பாணைக் கறியில் ஊறவைத்துத்தான்.
மனிசர் பற்பசை கூடவே கூடாது,
கோழி மணக்கிற ஒன்று விற்கிறார்கள்.
விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு
ராத்திரி எட்டரைக்கு நாங்கள் இரண்டு பேரும்
குளியலறை நிலத்தில் இருக்கிறோம்.
முதல் நாள் கவ்வியது. மழுங்கிய பல்.
ரத்தம் வரவில்லை,
கந்தோரில் முத்திரை குத்தியதுபோல் நாலு வட்டம்.
இப்போது கவ்வுவதில்லை. கண்ணை மூடிக்கொள்கிறது,
பொறுத்துக்கொள்கிறதா பிடித்திருக்கிறதா தெரியவில்லை.

கடைசி ரயில் கடற்கரையால் போகும்போது
எழும்பிப் பல்கனிக்குப் போகும்.
உப்புக் காற்றில் துருவேறிய கிறில்.
அதில் வாயைக் கொண்டுபோய் வைக்கும்.
ஒரு சத்தமும் வராது.
உப்பை நக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிப்
புரண்டு படுக்கிறேன்.

பல்கனிக் கதவை
இரவில் சாத்துவதா, திறந்து விடுவதா?
டொக்டரிடம் கேட்க நினைத்திருந்தேன்.
பில்லைக் கட்டுகிற அவசரத்தில்
மறந்துபோய்விட்டது.